கொடிக்கு இரண்டு முடிச்சு

எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் என் நண்பனோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில், எல்லோர் முன்னாலும், "மச்சான், உன் சுதி விலகுது. கொஞ்சம் மெதுவா பாடேன்" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதுவரை பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் கோயிலுக்கு ஒரே பைக்கில் வந்தவர்கள், இரண்டு பைக்கில் வர ஆரம்பித்தோம். ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முறைத்துக்கொள்வோம். ஆராதனையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கோயில் முழுக்கச் சுற்றி எல்லோருக்கும் கைகூப்புவேன், அவனைத் தவிர. பிறகு அதே கையை நீட்டித் திருவிருந்து அப்பமும் வாங்குவேன். உள்ளே குத்தும். ஆனாலும் முதலில் அவனே வரட்டும் என்று இருந்தேன்.

இந்தச் சுதந்திர தினத்தன்று, கோயிலில் ஏற்றும் தேசியக் கொடியை மடிக்கும் வேலையை எங்கள் இருவரிடமே கொடுத்தார் சபைச் செயலாளர். எங்கள் சண்டை தெரியாத ஒரே ஆள் அவர்தான். தெரிந்தே செய்தாரோ என்னவோ. கொடிக்குள் ரோஜா இதழ் வைத்து மடித்து, கயிற்றை இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே மடித்தோம். அவன் முடிச்சைப் போட்டுவிட்டு நகர்ந்தான். இவன் போட்ட முடிச்சை யார் நம்புவது? அதன் மேல் என் முடிச்சையும் ஒன்று இறுக்கிப் போட்டு, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினேன்.

கம்பத்தடியில் ஆயர் பேசினார். "வெள்ளைக்காரன் எப்பவோ கப்பல் ஏறிட்டான். நம்ம நெஞ்சுக்குள்ள குடியிருக்கிற கோபம் எப்ப மூட்டை கட்டும்? அதுலருந்தும் சேர்த்துத்தான் இயேசு நமக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார்." நன்றாக உறைக்கட்டும் என்று அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயர் கயிற்றை இழுத்தார். கொடி அவிழவில்லை. அங்கி பறக்க இன்னொரு முறை இழுத்தார். செயலாளர் கயிற்றில் தொங்கியே பார்த்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சல்யூட் அடித்த கையை இறக்காமலே சிரித்தார்கள். கடைசியில் கொடியை இறக்கி எங்கள் கையில் கொடுத்தார்கள்.

"என்ன மச்சான், ரெண்டு முடிச்சு இருக்கு?" என்றான் அவன்.

"மேல இருக்கிறது என்னுது." இரண்டு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"என் முடிச்சு மேல நம்பிக்கை இல்லியா?"

"உன் மேலயே இல்லடா!"

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும். நான்கு கைகளும் முட்டி மோதி இரண்டையும் அவிழ்த்தோம்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது தப்புதான். மன்னிச்சிரு மச்சான்."

"நீயும் மன்னிச்சிருடா. நான் சுதி விட்டதும் நிஜம்தான்."

சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது. ஆயர் முன்னால் குதிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த முறை ஒரே முடிச்சு, அவன் போட்டது. ஒரே இழுப்பில் கொடி விரிந்து, ஆயர் தலையெல்லாம் ரோஜா இதழ். தேசிய கீதம் தொடங்கியது. சந்தோஷத்தில் முதல் வரியிலேயே நான் சுதியை விட்டேன். பக்கத்தில் நின்றவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அடுத்த வரியில் தன் சுதியை விட்டுவிட்டு என் சுதிக்கு வந்து சேர்ந்தான்.