தேய்ந்த குரல்

திண்டிவனத்து மைக் செட் கடையில் அன்று நான் இருந்தேன், கடைக்காரர் இருந்தார், விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் போர்ட்டர் இருந்தார். அவர் மனைவி இல்லை. நாடகக் கம்பெனியில் பின்பாட்டுப் பாடிய அந்த அம்மாள் இறந்துபோய்விட்டார். ஒரே ஒரு பாட்டின் கிராமபோன் தட்டில் மட்டும் அவர் குரல் உண்டு. லேபிளைப் படித்துச் சொல்லவே போர்ட்டர் என்னை அழைத்து வந்திருந்தார். நரைத்த தலை; சுமை தூக்கிக் குறுகிய கழுத்து. வெயிலில் தட்டு வளைந்துவிடும் என்று, தன் தலைக்குப் பிடிக்காத குடையைத் தட்டுக்குப் பிடிப்பார்.

"இதே பாட்டு எத்தினி தட்டுதான் வாங்குவ? வூட்டுக்கு ஓடு மாத்தப் போறியா?" என்றார் கடைக்காரர்.

"என்னுதுல அவ கொரலு தேஞ்சிபோச்சிபா. நாந்தான் தேச்சேன். ஒரே கிராமபோன் முள்ள கல்லுல தீட்டித் தீட்டி தெனம் போட்டுக்கினு இருந்தேன். மத்த தட்டுங்களும் அப்படித்தான் கெடக்குது. நீ புது முள்ளு போடு."

போட்டார். பாடகரின் குரல் கம்மலாக வந்தது. பின்பாட்டு வரவேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்.

"கல்யாணம் கல்யாணமா ஓடின தட்டு. முள்ளு யாரு மாத்தினா?" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க, ஒண்ணுமே கேக்கலியே," என்றேன்.

"அவ பாடின எடம் இதானே தம்பி," என்று போர்ட்டர் மடியை அவிழ்த்தார்.

எதை வாங்கினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவரிடம் இரண்டு ரூபாய்தான் இருந்தது. விலைக்குக் குறைந்த எட்டணாவை நான் போட்டேன். ஆக இரண்டரை ரூபாய்.