போதும்பொண்ணு என்றால் என்ன அர்த்தம்

இன்று மதியம் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அருவருப்பு இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை மதுரைப் பக்கம். பெயர் போதும்பொண்ணு.

"அழகான பெயர், என்ன அர்த்தம்?" என்று எங்கள் பிரெஞ்சுக்கார மேலாளர் அன்பாகத்தான் கேட்டார்.

"திருப்தி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ச் சுதன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், இனிப் பெண் போதும் என்று கடவுளுக்குச் சொல்வதற்காக வைக்கிற பெயர் அது என்று நல்ல பிரெஞ்சில் விளக்கினார். மேசையே சிரித்தது.

அவள் பாதிச் சோற்றோடு பெட்டியை மூடினாள்.

"ஏன் அண்ணை உதைச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"உள்ளதைத்தானே சொன்னனான்" என்றார். அவருக்கும் இரண்டு மகள்கள்.

கை கழுவும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "இந்த ஊர்லயாச்சும் யாருக்கும் அர்த்தம் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தேங்க்கா."



பஸ்ஸில் வரும்போது தேடிப் பார்த்தேன். சுதன் என்றால் மகன். வீரனுமில்லை, அறிஞனுமில்லை, வெறும் மகன். பெற்றவர்களுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

நாளை அதே மேசையில் இதைச் சொல்ல வேண்டும். என் பிரெஞ்சு கொஞ்சம் மட்டம். தெரிந்தவர்கள் கீழே எழுதித் தாருங்கள்.