உதட்டுக் கம்மலும் கோமதியின் கீழ்ப்பல்லும்

கோமதி வாயைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கி, வேர் பாதி வெளியே தெரிந்தது. ஒரு பல்லை விரலால் தொட்டேன், ஆடியது. அவளுக்கு இருபத்து நான்கு வயதுதான்.

பழவேற்காட்டில் நான் பல் டாக்டராகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களின் வாய் எனக்குப் பழக்கம். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பல் தேய்ந்து வருபவர்கள் உண்டு. இந்த வயதில் இப்படி ஆடிக்கொண்டு வந்தவள் இவள்தான்.

"ஊருக்குள்ள பல் கேம்ப்புக்கு வந்த டாக்டரு, பறியக் கவ்வுறதாலதான் ஆடுது, அத்த உட்டுடுனு சொன்னாரு. உட்டுட்டு சோத்துக்கு எங்க போறது டாக்டரம்மா?" என்றாள்.

கீழ் உதட்டை மடித்துப் பார்த்தேன். வெளியே சின்னதாய் மின்னும் கம்மல் கல். உள்ளே அதன் தட்டை பில்லை, சட்டைப் பொத்தான் போல, நேராக ஈறின் மேல் உட்கார்ந்திருந்தது. பேசினால் உரசும், சாப்பிட்டால் உரசும். பறியைக் கவ்வி உதட்டை இறுக்கினால் ஈறில் அழுந்தும்.

"எங்க குத்தின?"

"மீஞ்சூர்ல, டாட்டூ கடைல. ஒன்றர வருசம் ஆவுது. கம்பெனிக்குப் போற சித்தி பொண்ணு போட்டிருந்தா. எனக்கும் ஆசையா இருந்துச்சு."

"எப்படிப் பாத்துக்கணும்னு சொன்னானா?"

"உப்புத்தண்ணில கொப்பளின்னான். நான் ஏரியிலதான கீறேன், தெனமும் அதுலயே கொப்பளிச்சேன்."

படகு டீசலும் ஊர்ச் சாக்கடையும் கலக்கிற தண்ணீர் அது. அவளை எப்படித் திட்டுவது? நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் நிற்பவளுக்கு வேறு எந்த உப்புத்தண்ணீர் ஞாபகத்துக்கு வரும்? காய்ச்சிய தண்ணீரில் உப்புப் போடு என்று சொல்ல அவனுக்கு வாய் வலித்ததா?

பக்கத்தில் நின்ற நர்ஸ், "இதுங்களுக்கு எதுக்கு மேடம் இந்த ஆசையெல்லாம்?" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏன், கம்பெனிக்குப் போறவ மட்டும்தான் ஆசைப்படணுமா? போய் ட்ரேயை எடுத்துட்டு வா" என்றேன்.

கோமதியிடம் நம்பர் வாங்கிக் கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"நல்ல ஸ்டீல் மேடம். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல."

"வீக்கம் எறங்கினதும் கம்மலோட நீளக் கம்பிய மாத்திக் குட்டையாப் போடணும், ஈறு உரசுதானு பாக்கணும்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் அவுங்கதான் பாத்துக்கணும்."

"அவ என்ன வேலை செய்யறானு கேட்டீங்களா?"

"குத்துறதுக்கு அது எதுக்கு மேடம்?"

போனை வைத்துவிட்டேன். குத்தினவன் அவள் வேலையைக் கேட்கவில்லை. கேம்ப் டாக்டர் வேலையைக் கேட்டதோடு சரி, உதட்டை மடித்துப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய அலட்சியமும் அவள் வாயில் வந்து விடிந்தது.

கம்மலைக் கழற்றினேன். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியாமல் எடுத்தேன். ஈறு இறங்கிய இன்னொரு பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் சேர்த்துக் கட்டினேன். இறங்கிய ஈறு தானாகத் திரும்ப ஏறாது என்பதை மறைக்காமல் சொன்னேன். பல் போன இடத்தில் செயற்கைப் பல் கட்டலாம், ஆனால் ஈரத்தில் ஊறிக் கனக்கும் பறியை அந்த வாயால் இனிமேல் கவ்வக்கூடாது என்றும் சொன்னேன்.

புதிதாக வேலைக்கு வரும் பல் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாயால் என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேளுங்கள். பதில் கிடைத்துவிட்டதென்று நிறுத்தாமல், உதட்டையும் மடித்துப் பாருங்கள்.

அடுத்த முறை வந்த கோமதியிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"பறியக் கழுத்துல கட்டிப் பாத்தேன். குனிஞ்சா பறி சாஞ்சி, புடிச்சதெல்லாம் ஏரிக்கே போயிடுது. அதனால ஒரு கைல பறியப் புடிச்சிக்கிறேன். ஒரு கையாலதான் தடவுறேன் டாக்டரம்மா."