மதினி கூட்டிவந்த விருந்தாளி

இந்த ஊரில் லிஃப்டில் ஏறினால் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் தளத்தில் குடியிருக்கும் சீன ஆன்ட்டி கேட்பதெல்லாம் "ஈட் ஆல்ரெடி?" மட்டும்தான். அது வெறும் நலம் விசாரிப்பு என்று தெரியாமல், வந்த புதிதில் "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப்போய்ப் பையைத் துழாவி, தனக்கு வாங்கியிருந்த, ஆவியில் வேகவைத்த பாவ் ரொட்டி ஒன்றை என் கையில் திணித்தார். ஐயோ வேண்டாம் என்று நான் பதற, ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றையும் தந்துவிட்டு இறங்கிப் போனார். நான் யாருடைய மனைவி, ஏன் தனியாக இருக்கிறேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில் அது எல்லோருக்கும் தெரியும். என் கணவராயிருந்த சாமுவேல் என் இடது மணிக்கட்டை முறித்ததும் தெரியும். அப்போது என்னைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழமும் ஜெபமும் கொண்டுவந்தார்கள். ஒருவர்கூட அவரிடம் போய் ஏன் என்று கேட்கவில்லை. கட்டுப் பிரித்ததும் அம்மா வீட்டுக்குப் போனேன். கோர்ட்டில் விவாகரத்து வாங்கினேன். நர்ஸ் வேலை கிடைத்து இங்கே வந்தேன். இப்போதும் நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கை வலிக்கிறது. வலிக்கட்டும். அந்தக் கையால்தான் என் வீட்டைத் திறக்கிறேன்.

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிறு, கடந்ததைக் கீழே போட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று பாஸ்டர் பிரசங்கித்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். எனக்காகவே சொல்வதுபோல் இருந்தது, கண் கலங்கியது. ஆராதனை முடிந்து டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால், காத்தோங்கில் வசிக்கும் சாமுவேலின் அக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாமுவேல்.

"பாத்தியா கிரேஸ், பிரசங்கம் உனக்குன்னே வந்திருக்கு," என்றார் மதினி. "பழச மறந்துடு. தம்பி இப்ப ரொம்ப மாறிட்டான். உனக்காகத்தான் விசா எடுத்து வந்திருக்கான்."

டீக் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தேன்.

"பழச விட்டுடச் சொன்னாங்க, மதினி. நீங்க அதக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சாமுவேல் தரையைப் பார்த்தபடி, "மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்," என்றார்.

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. நல்லா இருங்க. ஊருக்குப் போயிட்டு வாங்க."

மதினி விடவில்லை. பாஸ்டரை அழைத்தார். பாஸ்டர் தயங்கித் தயங்கி, "சிஸ்டர், ஜஸ்ட் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாக்கலாமே?" என்றார்.

ஊரில் இதே கேள்விக்கு இரண்டு முறை தலையாட்டியவள் நான். இரண்டு முறையும் திரும்பிப் போய் அடி வாங்கினேன். "மன்னிப்பு வேற, வீட்டுச் சாவி வேற, பாஸ்டர்," என்றேன். "இவரு என் கைய முறிச்சவரு. நீங்க சொன்ன மாதிரி நான் முன்னாலதான் பாக்கறேன். அங்க இவரு இல்ல."

பாஸ்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "சாரி, சிஸ்டர். எனக்குத் தெரியாது," என்றவர் மதினியிடம் திரும்பினார். "அவங்க கிளியரா சொல்லிட்டாங்க லா, அக்கா. இனி இதப் பேசாதீங்க."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். நான் இன்னொரு டீ வாங்கி நிதானமாகக் குடித்தேன். அடுத்த ஞாயிறும் அதே மாடிக்குத்தான் போனேன். ஒளிய வேண்டியவள் நானில்லை. அக்காமார்களே, கடந்ததை மறப்பது என்றால் அதற்குள் மறுபடி குடியேறுவது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

அவர்கள் வந்துபோன அன்றே, வீடு திரும்பும் வழியில் சிராங்கூன் சாலையைக் கடக்க நின்றபோது அம்மா ஃபோனில் அழைத்தார். விஷயம் அதற்குள் ஊருக்குப் போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "ஏட்டி, எப்ப வீட்டுக்கு வருவ?" என்று மட்டும் கேட்டார். "வீட்டுக்குத்தாம்மா போயிட்டு இருக்கேன்," என்றேன். ஊரில் அப்போதுதான் ஆராதனை தொடங்கும் நேரம். எங்கள் தெருக்கோடிக் கோயில் மணி ஃபோனில் கேட்க ஆரம்பித்தது. "வைக்காதீங்கம்மா, மணி கேக்குற மாதிரி கொஞ்சம் பிடிங்க," என்றேன். சிக்னலில் பச்சை மனித உருவம் எரிந்தது. ஒரு காதில் பாளையங்கோட்டை மணி, மறு காதில் சீக்கிரம் கடக்கச் சொல்லும் சிக்னலின் கீச்சொலி. இரண்டையும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.