குறையட்டும் என்று கேட்டேன், நிற்கட்டும் என்றார்

போன தவக்காலத்தில் ஒரு காலைப்பொழுது. நாகல் நகரில் எங்கள் மளிகைக் கடையில் என் வீட்டுக்காரர் சூசை துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கைநழுவிப் பருப்பெல்லாம் தரையில் கொட்டியது. "கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே திரும்பினேன். அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கிவிட்டது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை. மாதாவே! எனக்கு உயிரே போய்விட்டது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, உடனே மதுரைக்குப் போனால் எடுக்கப் பார்க்கலாம் என்றார்கள். ஆம்புலன்ஸில் அவர் பிரஷர் நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. பாழாய்ப்போன பிரஷர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்கு ஆத்திரம். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, இதைக் குறைச்சிரும்மா" என்று அழுதேன். ஜெசிந்தா அக்காவுக்குப் போன் போட்டேன். தெருவில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. செத்த நேரத்தில் எல்லா வீட்டிலும் பிரஷர் குறைய ஜெபம் ஆரம்பித்துவிட்டது.

மதுரையில் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். "மொதல்ல பிரஷரைக் குறைங்கம்மா."

"இப்பக் குறையக் கூடாதும்மா. கட்டி வழிய அடைச்சிருக்கு. இந்த அழுத்தம்தான் சந்துபொந்து வழியா மூளைக்கு ரத்தத்தத் தள்ளுது. ரொம்ப ஏறவும் விடமாட்டோம், விழவும் விடமாட்டோம். எடுத்து முடிக்கிற வரைக்கும் இப்படியே நிக்கணும்."

தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை எடுக்க அவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஊரே சேர்ந்து தப்பான ஜெபமல்லவா செய்துகொண்டிருக்கிறது! திரும்பவும் போன் போட்டேன்.

"அக்கா, பிரஷர் குறையணும்னு ஜெபிக்காதீங்க."

"ஏன்டி மேரி, பித்துப் பிடிச்சிருச்சா? இப்படியும் ஒருத்தி ஜெபம் கேப்பாளா?"

"டாக்டரம்மா சொல்றாகக்கா. ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். அப்படியே நிக்கட்டும்."

"சரிடி. ஆண்டவருக்கு நாங்க சொல்லிக்கிறோம். நீ அழாத."

அன்று நான் வேறு எதுவும் கேட்கவில்லை. நிக்கட்டும், ஆண்டவரே, நிக்கட்டும்.

டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். "கட்டி வந்துருச்சு. நடுவுல பிரஷர் சட்டுனு எறங்குச்சு, மருந்து குடுத்துத் தூக்கிப் பிடிச்சோம். இனிமேதான் ஏறாமப் பாத்துக்கணும்." எந்த நேரத்தில் இறங்கியது என்று நான் கேட்கவில்லை. தூக்கிப் பிடித்தது அந்த அம்மாவின் கை. அந்தக் கையைப் பிடித்திருந்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கடையப்... பூட்டுனியா?" நான் எங்கே பூட்டினேன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜெசிந்தா அக்காதான் சிந்திய பருப்பைக் கூட்டி அள்ளி, வந்தவர்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டே ஜெபித்திருக்கிறார்.

இப்போது அவர் மாத்திரையைத் தவறவிடுவதில்லை. நானும் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். அன்பானவர்களே, வாய் கோணினால், கை விழுந்தால், வீட்டில் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போதே ஜெபியுங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவர் சரியாகத்தான் தருவார்.

வாராவாரம் அன்பியத்துக்கு என் வீட்டுக்காரரும் வருகிறார். பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்கும். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய ஆமென் வரும். அதுவரைக்கும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை.