கோல்கீப்பர் மேல் ஒரு கண்

தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்திரேலியாவில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு ஹாக்கி அணி இருந்தது. பாதிப் பேர் எங்களைப் போல மலேசியாவிலிருந்து வந்தவர்கள், மீதி யாழ்ப்பாணத்துக்காரர்கள். கேப்டன் என் வீட்டுக்காரர், வயது நாற்பத்திரண்டு. அந்த வருஷம் கடைசி இடத்தில் நின்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். கலைத்துவிட்டால் அந்த வயதில் அவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஹாக்கி இல்லாத மாதங்களில் அவர் வீட்டில் எப்படி முடங்கிக் கிடப்பார் என்று பார்த்தவள் நான். அதனால் பயந்துபோயிருந்தேன்.

அதுவரை, ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் எனக்கு ஆஸ்பத்திரி வேலை. அந்த வருஷம்தான் லீவு கிடைத்தது. ரெண்டு மணி ஆட்டத்துக்கு வெறும் வயிற்றோடு வருகிறார்களே என்று பன்னிரண்டரைக்கே மைதானத்தில் தேங்காய்ப்பால் சோறு, இறால் சம்பல், கோழிக்கறி எல்லாவற்றையும் இறக்கிவிடுவேன். போதும் என்று தட்டை மறைக்கிற கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி போடுவதுதானே உபசாரம். ஆட்டங்களை மட்டும் வரிசையாகத் தோற்றோம்.

முதலில் அம்பயரைச் சந்தேகப்பட்டேன். ஹாக்கியில் பந்து காலில் படக் கூடாது; எங்கள் காலில் பட்டால் மட்டும் அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. பிறகு என் சந்தேகம் கோல்கீப்பர் மேல் போனது. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல திடகாத்திரம். பந்து உள்ளே போன பிறகுதான் குனிவார். நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் கார் பார்க்கில் எதிரணிக் கோச்சுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சரிதான், அடுத்த வருஷத்துக்கு அங்கே துண்டு போட்டாச்சு என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "சும்மா இரு லா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை என்னை அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நாலு கோல் போட்டு ஜெயித்தார்கள். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. மறுபடியும் ஜெயித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆக, என்னை ராசியில்லாதவள் என்றுதான் முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்கிறார்கள்!

கடைசி ஆட்டத்தன்று, காலில் பேட் கட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பர் முன்னால் போய் நின்றேன். "நான் வந்தா தோக்குறீங்க, அதானே? என் ராசியா?"

"ஐயோ, ராசி இல்லை அக்கா." எழுந்து நின்றுவிட்டார். "சாப்பாடு. கோவிக்காதேங்கோ, அருமையான சாப்பாடு. ஆனா சாப்பிட்டுப்போட்டுக் குனிய ஏலாமல் கிடக்கு. நீங்கள் போட்டா வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? கேப்டன் அண்ணை வேற, உங்களிட்ட மூச்சு விடக் கூடாதெண்டு எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டார்."

எனக்கு முகம் எரிந்தது. பாத்திரங்களைத் திறக்காமலே கார் டிக்கியை அடித்துச் சாத்தினேன்.

அன்றைக்கு ரெண்டு கோல் போட்டு ஜெயித்தோம். அந்தக் கோல்கீப்பர் ஒரு பந்தையும் விடவில்லை. ஆனால் எங்களுக்கு மேலே இருந்த அணியும் வேறு மைதானத்தில் ஜெயித்துவிட்டது. நாங்கள்தான் கடைசி. அணி போய்விட்டது.

காரில் கேட்டேன், "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மைதானத்துக்கே வரமாட்டே," என்றார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் நீ உட்கார்ந்து பார்க்குறே."

"உங்களை யாரு இதைக் கேட்டா?" என்று கத்தினேன். பிறகு வீடு வரைக்கும் அழுதேன்.

வீட்டில் அந்தச் சோற்றைத்தான் சூடு பண்ணி வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினார். நிஜமான பசியா, எனக்காகவா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாகியும், அவர் இன்னொரு கரண்டி கேட்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.