உறையாத பாலும் அரை கிராம் பல்லேடியமும்

ஐம்பதை நெருங்கும் வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டவன் நான். பல்கலைக்கழக லேபில் இருபது வருடமாகக் குடுவை கழுவி, சிலிண்டர் மாற்றி, மற்றவர்கள் பட்டம் வாங்கக் கைதட்டிக்கொண்டிருந்தவனுக்கு, நாமும் ஒன்று செய்தால் என்ன என்று ஒரு கெட்ட நேரத்தில் தோன்றியது. மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் ஒரேயொரு பரிசோதனையாவது சரிவராவிட்டால் பதிவு ரத்து.

செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது. ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் ரப்பர் வெயிலில் வெடிப்பு விடாது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடினால் மட்டும் சேராது. நடுவில் ஓர் உலோகம் வேண்டும். எங்களுடையது கரித்தூளில் ஏற்றிய பல்லேடியம். பார்த்தால் அடுப்புக்கரி. இன்னொரு போத்தலுக்கு மனுப்போட்டால் அது வந்து சேர்வதற்குள் நான் ஓய்வூதியம் வாங்கிவிடுவேன். கையில் இருந்தது ஒன்றரை கிராம். ஒரு தடவைக்கு அரை கிராம்.

முதல் தடவை ரப்பர் கரைசல், பல்லேடியம், ஹைட்ரஜன் எல்லாவற்றையும் இரும்புக் கலனுக்குள் அடைத்துச் சூடேற்றினேன். ரப்பர் வாயுவை உறிஞ்சினால் அழுத்தமானியின் முள் இறங்க வேண்டும். நாலு மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். அதற்குள் நான் சிலிண்டரைச் சந்தேகித்தேன், முள்ளைச் சந்தேகித்தேன், மானியைத் தட்டிப் பார்த்தேன், கடைசியில் என் ஜாதகத்தையும் போனில் தேடி எடுத்துப் பார்த்தேன். மிச்சம் அரை கிராம்.

என் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் மேடம் சிங்களத்தில்தான் பேசுவார். பதறமாட்டார். அதுவே எனக்கு இன்னும் பதற்றம். ரப்பர் பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எஹலியகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணி பால் வெட்டுகிறார், தோட்ட மேனேஜர் தொரையிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி அங்கிருந்து கொண்டுவருகிறேன் என்றேன். ரத்தினபுரியில் பஸ் மாறி வந்து சேர அரை நாள் ஆகுமே, வழியில் உறைந்துவிடாதா என்றார். "ஒரு சொட்டுக்கூட உறையலை மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உறையாமலிருக்க வழக்கமாகப் போடும் அமோனியாவையும் போடுவதில்லை, பஸ்ஸில் எல்லோருக்கும் கண் எரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எஹெனங், மொனவாத தெம்மே?"

அப்படியானால் வேறு என்ன போட்டீர்கள் என்கிறார். அப்போதுதான் எனக்கு அந்த மருந்து ஞாபகம் வந்தது.

மழை நாட்களில் சிரட்டையிலேயே பால் உறைந்துவிடாமலிருக்கத் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ரெண்டு சொட்டு விடுவார்கள். அங்கே அதற்கு மருந்து என்றுதான் பேர். லேபில் அதே பொடி என் தலைக்கு மேல் இரண்டாம் தட்டில், சோடியம் சல்பைட் என்ற சீட்டோடு இருக்கிறது. அந்தச் சீட்டை ஒட்டியவனும் நான்தான். சல்பைட்டில் கந்தகம் உண்டு. கந்தகம் பல்லேடியத்தின் மேல் உட்கார்ந்தால், கலவானைக்குப் போகும் கூட்ட பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக் கிடைத்த ஆளைப் போல, எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஹைட்ரஜன் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

அண்ணிக்குப் போன் போட்டேன். எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான தம்பி, உறையக்கூடாது, உறையக்கூடாதுன்னு மூணு தடவ போன் பண்ணீங்க. ஒரு கைப்பிடி போட்டேன்."

உண்மைதான். இன்னோர் உண்மையும் இருக்கிறது. லேபுக்கு வந்த பாலை நான் முதல் வேலையாக என்ன செய்தேன்? ஆசிட் ஊற்றி உறைய வைத்தேன். எனக்குத் தேவையே கட்டி ரப்பர்தான். பஸ்ஸிலேயே உறைந்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பால் உறைந்தால் அவமானம். சிரட்டையில் உறைந்ததை ஒட்டுப்பால் என்று ஒதுக்கிவிடுவார்கள், அதற்குக் கூலியும் குறைவு. அந்தப் பயம் ரசாயனத்தை விடப் பழையது. அது ஒரு கிராம் பல்லேடியத்தைத் தின்றுவிட்டது.

மேடத்துக்கு மருந்தே படாத ஒட்டுப்பால் வேண்டுமாம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"ஒட்டுப்பாலா? படிச்ச மனுசிக்கு ஒட்டுப்பாலக் குடுத்து விடுறதா? நாளைக்கு எங்களப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அவர்தான் கேட்கிறார் என்றேன்.

"நேத்து வர உறையக்கூடாது, இன்னைக்கு உறைஞ்சாத்தான் வேணும். மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க."

வைதுகொண்டே தந்தார். தனி மரம், கழுவிய சிரட்டை, பட்டைத்தூள் பொறுக்கியெடுத்த கட்டி. வாழையிலையில் சுற்றி, மேலே இரண்டு பை. குருவிட்ட ஊரைத் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே வாடை தெரிந்துவிட்டது. கண்டக்டர் கருவாடா என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். பின் சீட்டுக்குப் போகச் சொன்னார்.

கட்டியை நறுக்கி, கழுவி, உலர்த்தி, கரைத்துக் கடைசி அரை கிராமைப் போட்டபோது கொஞ்சம் தூள் வெளியே சிந்தியது. அதையும் வழித்துப் போட்டேன். கலனை மூடிச் சூடேற்றினேன். இருபது நிமிடத்தில் முள் இறங்கியது. போச்சு, வாயு கசிகிறது! சோப்புத் தண்ணீரை எடுத்து எல்லா மூட்டிலும் தடவினேன். ஒரு குமிழியும் இல்லை. முள் இறங்கிக்கொண்டேயிருந்தது. மேடம் வந்து பார்த்துவிட்டு, இறங்காவிட்டாலும் அழுகிறீர்கள், இறங்கினாலும் அழுகிறீர்கள் என்றார்.

பதிவு பிழைத்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நினைத்தேன். மேடம் விடவில்லை. ஒரு தடவை வந்தது பதிவைக் காப்பாற்றத்தான் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது, இன்னும் இரண்டு தடவை இதேபோல வர வேண்டும் என்றார். பல்லேடியத்துக்கு எங்கே போவது என்றேன். அது செலவாகாது, வடித்தெடுத்து மறுபடி போடுங்கள் என்றார். காயவிட்டால் தீப்பற்றும், ஈரமாகவே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ரப்பர் கரைசல் வடிதாளில் தேன் மாதிரி இறங்கியது. ஒரு கையால் புனலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கறுப்புத்தூளை நனைத்தபடி நின்றேன். அப்போது அண்ணி அழைத்தார். முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். மேடம் மூஞ்சியைச் சுளித்தாரா என்று கேட்டார். இல்லை, இதே மாதிரி இன்னும் ரெண்டு கட்டி வேண்டுமாம் என்றேன்.

"இதே மாதிரின்னா, அதே மரத்துலயா? இல்ல, எந்த மரமா இருந்தாலும் சரியா?"

இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. பதில் மேடத்துக்குத்தான் தெரியும். அவருக்குப் போன் போட எனக்கு மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.